மூன்றாவது நாற்காலி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
அபிராமி சலூனில் டீவிக்குச் சத்தம் இல்லை.
போன ஐப்பசி மின்னல் அதைத் தின்றுவிட்டது,
படத்தை மட்டும் மிச்சம் விட்டது.

ஆகவே செவ்வாய்க்கிழமைகளில்
மல்யுத்தத்துக்கு வாய் கொடுப்பவன் தவபாலன்.
ஒரு கையில் கத்தி,
மறு கையில் யாரோ ஒருவரின் தாடை.

"தூக்கிற்றான், தூக்கிற்றான்,
சம்மாந்துறை வட்டையில உப்பட்டிக் கட்டுத் தூக்கின மாதிரி...
போட்டான் பாரு!
கதிர்ல ஒரு நெல்லு மிஞ்சியிருக்காது."

திரையில் மேசைக்குப் பின்னால்
கோட்டுப் போட்ட இருவர்
காதில் கறுப்புச் சிரட்டைகளோடு
எதையோ கத்துகிறார்கள்.
என்னவென்று எங்களுக்குத் தெரியாது.
தெரிந்து என்ன செய்ய?
உப்பட்டியை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

நௌபர் அக்கரைப்பற்று பஸ்ஸின் கொண்டக்டர்.
வண்டி எடுக்கப் பத்து நிமிடம் இருந்தால் வருவான்,
உட்கார மாட்டான்.
ஒருவன் கயிற்றில் மோதி
மறு கயிற்றுக்கு ஓடினால்
"சாய்ந்தமருது காரைதீவு நிந்தவூர்
பாலமுனை அட்டாளைச்சேனை
இறங்கு! இறங்கு! இறங்கு!"
என்பான்.
ஓடியவன் சரியாக அங்கே விழுவான்.

நல்ல வர்ணனையாளன் யார் என்று கேட்டால்
சொல்வேன்:
கத்தியைக் கழுத்திலிருந்து
எப்போது எடுக்க வேண்டுமென்று தெரிந்தவன்.
எங்களைவிட ஒரு சாண் கூட நம்புகிறவன்.
தாடி வளராத வாரங்களிலும்
நான் மூன்றாவது நாற்காலியில்
நுரையோடு இருந்தது அதற்காகத்தான்.

மோசமானவர் மகேஸ்வரராசா.
காணிக் கந்தோரில் முப்பத்தொரு வருடம்.
வெட்ட முடியில்லை, பேப்பருக்கு வருவார்.
"இப்ப கதிரையால அடிப்பான்."
அடிப்பான்.
"நடுவர் இப்ப அங்கால பாப்பார்."
பார்ப்பார்.
"எல்லாம் நடிப்பு. எழுதிக் குடுத்தது."
ஒருநாளும் பிழைத்ததில்லை அவர் வாக்கு.
அதுதான் அவரோடு பிரச்சினை.
கூத்தில் கட்டியகாரன் வந்து
கடைசிக் காட்சியைச் சொல்லிவிட்டுப் போனால்
களரியில் யார் இருப்பார்கள்?

ஆனி மாதம். மின்விசிறி சுற்றியும் வெக்கை.
பச்சைக் காற்சட்டைக்காரன்
கயிற்றின் உச்சியில் ஏறி நின்றான்.
"கல்லடிப் பாலத்துல நிக்கான்,
கீழ வாவி, பாயப் போறான்" என்றான் தவபாலன்.
பாய்ந்தான்.
கழுத்தில் விழுந்தான்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை.
தவபாலன் கூட
"மீன் பாடுதாண்டு கேக்கப் போயிருக்கான்" என்றான்,
யாரோ சிரித்தார்கள்.
பிறகு அந்தக் கோட்டுக்காரர் இருவரும்
காதுச் சிரட்டையைக் கழற்றி
மேசையில் வைத்தார்கள்.
எழுந்து நின்றார்கள்.

சத்தமில்லாத டீவியில்
அப்போதுதான் சத்தம் நின்றது.

என் கழுத்தில் கத்தி இல்லை.
எப்போது எடுத்தான் என்று தெரியாது.
நௌபரின் பஸ் வெளியே ஹோர்ன் அடித்தது,
அவன் போகவில்லை.

"எழும்பு மனே."

திரும்பிப் பார்த்தோம்.
பேப்பரைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்தபடி
மகேஸ்வரராசா.
"எழும்பு மனே. கால ஆட்டு.
ஒரு காலயாவது ஆட்டு, ராசா."

அவருக்கு இம்முறை
அடுத்து என்னவென்று தெரியவில்லை.

வெள்ளைக் கையுறைகள் வந்தன.
சனக்கூட்டத்தைக் காட்டினார்கள்,
ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு.
பிறகு சவர்க்கார விளம்பரம்,
அதில் ஒருத்தி அருவியில் குளித்தாள்.
அவள் குளித்து முடியும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.

மூன்று கிழமை கழித்து
பச்சைக் காற்சட்டை
கழுத்துக்குப் பட்டி போட்டு
நடந்து வந்து கையசைத்தான்.

மகேஸ்வரராசா பக்கத்தைப் புரட்டினார்.
"நான் அண்டைக்கே சொன்னன்.
நடிப்பெண்டு."

நான் தலையைத் திருப்பப் போனேன்.
கண்ணாடிக்குள் தவபாலனின் கண்
என்னைப் பிடித்தது.

"ஆட்டாதடா," என்றான்,
"கத்தி."