வலது பக்கம்

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
சரக்கு லிஃப்ட் திறந்தால் நேரே எங்கள் பட்டறை.
ஆம்ப்ளிஃபயரைத் தள்ளுவண்டியில் வைத்து
மேலே ஒரு பூப்போட்ட போர்வை போர்த்தி
ஈசூனிலிருந்து கொண்டுவந்தார் மாசிலாமணி.
"வலது பக்கம் சோர்ந்து போச்சு," என்றார்.
"வயலின் இருக்கு. வில்லு இல்ல."

சோர்வுக்கு அலகு கிடையாது.
'வாடிக்கையாளர் கூறியது' என்ற கட்டத்தில்
சொன்னபடியே எழுதிக்கொண்டேன்:
வில்லு இல்ல.

மூடியைக் கழற்றினால் தூசி வாடை,
காய்ந்துபோன ஒரு பல்லி வால்.
ஒலிபெருக்கி இருக்க வேண்டிய இடத்தில்
எட்டு ஓம் மின்தடையை இணைத்தேன்.
அது பாடாது, சூடாகும். அவ்வளவுதான் அதன் ரசனை.
ஆயிரம் ஹெர்ட்ஸை உள்ளே அனுப்பினேன்.
இடது, சிதைவு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு சதவீதம்.
வலது, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
இருபதிலிருந்து இருபதாயிரம் வரை வருடிப் பார்த்தேன்.
இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து
ஒற்றைக் கோடாகிவிட்டன.

முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன்.
அளவுத்திருத்தச் சீட்டில் மார்ச் வரை தவணை இருந்தது.
கம்பியை மாற்றினேன், தரையிணைப்பை மாற்றினேன்.
ஐம்பது ஹெர்ட்ஸில் ஒரு சின்ன முள் எழும்பி நின்றது:
பக்கத்துக் கடைக் குளிர்சாதனம்.
அணைக்கச் சொன்னால் திட்டுவார்கள்.
கழித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில்
வெறும் எண் சொல்பவரை நம்பமாட்டோம்.
எண்ணுக்குப் பின்னால் கூட்டல் கழித்தல் குறி வேண்டும்.
இவ்வளவு, ஆனால் இவ்வளவு தவறியிருக்கலாம் என்று
கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.
எத்தனை மணிக்கு வருவாய் என்று வீட்டில் கேட்டால்
ஏழு, கூட்டியோ கழித்தோ நாற்பது நிமிடம் என்பேன்.
சண்டை வரும்.

சனிக்கிழமை மறுபடி வந்தார்.
இரண்டு பக்கத்தையும்
பத்தில் ஒரு டெசிபலுக்குள் சமன்செய்து
அவருடைய வயலின் தட்டையே ஓட்டினேன்.
"இதோ, வலது. மழுங்கலா இல்ல?"
அவருக்குத் தெரியாமல் கம்பிகளை இடம் மாற்றினேன்.
"இன்னும் வலதுதான்."
மறுபடி மாற்றினேன். மறுபடி அதே பதில்.
கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கேட்டார்.
வலக்கையை மெல்லத் தூக்கி
இதுவரை இடதாக இருந்த பெட்டியைக் காட்டினார்.
காட்டிய விரல் இறங்கவில்லை.

"செம்பவாங் கப்பல் பட்டறை," என்றார்.
"இருபத்தாறு வருஷம்.
துரு தட்டுற மெஷின் எப்பவும் இந்தத் தோளோரம்."
தட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சோதனைக் கட்டணம் நாற்பத்தைந்து வெள்ளி.
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் எண்ணி வைத்துவிட்டார்.
'கண்டறிந்த பழுது' என்ற கட்டத்தில்
அளவுகள் எல்லைக்குள் உள்ளன என்று எழுதினேன்.
பொய்யில்லை.
போர்வையை அவரே போர்த்தி
நுனிகளை உள்ளே செருகிக்கொண்டு போனார்.

நான்கு மணி மழை பிடித்தது.
அலையாக்கியை எட்டாயிரத்தில் வைத்து
ஏற்றிக்கொண்டே போனேன், பத்தாயிரம், பன்னிரண்டாயிரம்.
பதின்மூன்றாயிரத்து நானூறில் நின்றுவிட்டது.
எனக்குத்தான் நின்றது.
திரையில் அலை
பச்சையாக, உயரம் குறையாமல், ஓடிக்கொண்டிருந்தது.
இன்னும் திருகினேன். மழை மட்டும் கேட்டது.

கோடி மேசையில் ஃபிர்தௌஸ், வயது இருபத்திரண்டு,
பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுக்
காதைப் பொத்தினான்.
"காக், அதை ஆஃப் பண்ணு லா.
பல் கூசுது."