செவலையும் புல்லும்

தார்கான் நகரத்துச் சாயப் பட்டறையில்
பெயர் வைப்பது என் வேலை.
ஆட்டு ரோம நூல் கொதிநீரிலிருந்து ஏறும்போது
நனைந்த செங்கல்,
பழைய செர்ரி,
குளிரில் வந்தவளின் காது
என்று சீட்டெழுதிக் கட்டுவேன்.

துகெர்சுரேன் மூன்றையும் பார்த்து
"சிவப்பு" என்பான்.
பிறகு என் முகத்துக்காக,
"நல்ல சிவப்பு."

பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.
ஆண்பிள்ளை கண்
ஆறு பென்சில் போட்ட டப்பா.

மார்ச்சில் அவன் தம்பி அழைத்தான்.
பனிப்புயலில் ஒரு பெட்டைக்குதிரை தவறிவிட்டது.
"என்ன நிறம்?"
அந்தப் பக்கம் ஒரு சொல்.
"அடிவயிறு வெளுத்ததா, புகையேறியதா?
பிடரி உடம்பைவிட ஒரு படி கறுப்பா?
முதுகில் கோடு?"
ஹோங்கோர், ஷர்கா, பூரல், ஹுல்,
அதற்குள் நரையோடியது, அதற்குள் தேன் பூத்தது.
பன்னிரண்டுக்கு மேல் எண்ணவில்லை.
எனக்கு அத்தனையும் பழுப்பு.

"நல்ல பழுப்பு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
குதிரை வெளியே நின்றுகொண்டிருந்தது, எங்கேயோ.

அண்ணன்மாரைக் குதிரை மந்தைக்கு அனுப்பினார்கள்,
என்னை ரோமம் பிரிக்க உட்காரவைத்தார்கள்.
கண்ணைக் கேட்டா அனுப்பினார்கள்?
இப்படியொரு தீர்ப்பெழுதி
நூல்கண்டோடு கட்டி வைத்திருந்தேன்,

மே மாதம் வரை.
பள்ளியில் புள்ளிப் படங்கள் காட்டினார்கள்.
எங்கள் தோல்கோனுக்கு ஒன்பது வயது.
இந்தப் படத்தில் எண்ணே இல்லை என்றான்.
அடுத்ததிலும் இல்லை.
செவிலி தலை நிமிராமல் சொன்னாள்:
"தாய் சுமப்பது இது. மகனிடம்தான் வெளியே வரும்."

நூற்று நாற்பது சிவப்புக்குப் பெயர் வைத்தவள்
பெற்றவனுக்கு ஒன்றுகூடக்
கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

துகெர்சுரேன் கேட்டது ஒரே கேள்வி:
"பச்சையுமா?"

ஜூனில் தம்பியின் கூடாரத்துக்குப் போனோம்.
சரிவில் செவலைகள் மேய்ந்தன,
புல் எரிவதுபோல் இருந்தது எனக்கு.
"எத்தனை தெரியுதுடா?"
அப்பன் குரல் இவ்வளவு தாழ்ந்து
நான் கேட்டதில்லை.

பையன் ஆப்பத்துண்டு போன்ற தயிர்க்கட்டியை
மென்று முடித்தான்.
"பதினேழு.
ஓரத்தில் நிற்கிறதே, அது
பின்னங்காலை ஊன்றப் பயப்படுது."

இருவரும் பார்த்தோம்.
இருந்த சொல்லையெல்லாம் கண்ணில் ஏற்றிப் பார்த்தோம்.
மந்தை நகர்ந்து,
மேகம் ஒன்று கடந்து,
அதன் பிறகுதான் அது நொண்டியது.