கூரைக்குக் கிழக்கே

வரைபடத்தில் பூங்கா உள்ளங்கை அளவு.
குடியிருப்பாளர் கூட்டத்தில்
ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு கொடுத்தோம்:
நிழற்கூரை எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுங்கள்.
விளையாட்டுத் திடலில் முப்பத்தொன்று.
உடற்பயிற்சிக் கருவிகளருகே பதினெட்டு.
எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் பாதையில் பன்னிரண்டு.
ஒன்று மட்டும் குளத்துக்குள் கிடந்தது.
ஒட்டியவர் கேலி செய்தாரா,
கண்ணாடியை வீட்டில் விட்டுவந்தாரா,
தெரியாது. அதையும் எண்ணிக்கையில் சேர்த்தேன்.

மறுநாள் நான்கு முளைக்குச்சிகள், சுத்தியல்,
அளவு நாடா, தொப்பி சகிதம்
புக்கிட் பாத்தோக்கில் இறங்கினேன்.
கூட்டத்துக்கு வராதவர்கள்
அங்கேதான் இருந்தார்கள்.

காலை பத்து மணி.
விளக்குக் கம்பமும் அதன் நிழலும் ஒரே நீளம்.
புல்வெட்டும் நால்வர்
அந்த ஒற்றைக் கோட்டில் வரிசையாய் அமர்ந்து
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சாண் அகலம்தான்;
மூக்கும் நெற்றியும் உள்ளே, தோள்கள் வெளியே.
கோடு நகர நகர
பேச்சை நிறுத்தாமல் நகர்ந்தார்கள்.
கடைசியில் இருந்தவர் பேராவூரணிக்காரர், முத்தழகு.
"இங்கயாக்கா கட்டப்போறீங்க?"
"இன்னும் முடிவாகல."
"முடிவாகறதுக்குள்ள
எங்க காண்ட்ராக்ட் முடிஞ்சிரும்."
நால்வரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பகல் ஒரு மணி.
இந்த ஊரில் அதுதான் வெயிலுக்கு உச்சி;
கடிகாரங்கள் ஒரு மணி நேரம்
முந்திக்கொண்டு ஓடுகின்றன.
விளையாட்டுத் திடலில் ஒரு குழந்தையும் இல்லை.
சறுக்குமரத்தில் இறங்கிய மைனா
காலை வைத்தது, உடனே எடுத்தது.
முப்பத்தொரு பொட்டு.

மாலை ஐந்து.
புளோக்குகளிலிருந்து சக்கர நாற்காலிகள் வந்தன.
பாதை வளையும் இடத்தில்
குளத்தைப் பார்த்தபடி நிறுத்துகிறார்கள்;
காற்று அங்கேதான்.
வெயிலும் அங்கேதான், நேராக முகத்தில்.
குச்சியை ஓங்கிவிட்டேன்.
கணக்குதான் கையைப் பிடித்தது.

மூன்று மீட்டர் உயரக் கூரை;
ஐந்து மணிக்கு அதன் நிழல்
ஐந்து மீட்டர் கிழக்கே போய் விழும்.
கூரைக்கடியில் வெயில் சம்மணம் போட்டிருக்கும்.
இவர்களுக்கு நிழல் வேண்டுமென்றால்
இவர்கள் தலைக்குமேல் கட்டக்கூடாது.
மேற்கே தள்ளி,
யாருமே உட்காராத வெறும் புல்லின்மேல்.

இதை எழிற்கோ சாரிடம் எப்படிச் சொல்வது?
கட்டி முடித்துப் படம் எடுத்தால்
கூரைக்கடியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்,
பக்கத்தில் எல்லாரும் இருப்பார்கள்.
ஆளில்லாத இடத்துக்கா இத்தனை வெள்ளி என்று
கடிதம் வரும். வரட்டும்,
பதிலோடு ஒரு கடிகாரத்தையும் அனுப்பலாம்.

யோசித்தபடி நின்றவளை
"சினி, சினி" என்று கையசைத்து அழைத்தார் ஸ்ரீ வஹ்யுனி.
திரு. கோவின் நாற்காலியைத் தள்ளி வந்தவர்.
இன்னும் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்.
அளவு நாடா இல்லாமல்
என்னை அவர் அளந்து நிறுத்தினார்.
என் நிழல் திரு. கோவின் மடியில் ஏறி
மார்பைத் தாண்டி
மோவாயில் நின்றது.
அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து
மேலும் கீழும் பார்த்தார்.
"டூ ஷார்ட்" என்றார்.

அரையடி நெருங்கினேன்.
கண் மூடிக்கொண்டது.

கிழக்கு மூலைக்கான முதல் முளை
சரியாக என் காலடியில் வரவேண்டும்.
குனிந்தால் அவர் முகத்தில் வெயில் அடிக்கும்.
சுத்தியலை
வஹ்யுனியிடம் கொடுத்தேன்.