எந்தத் திங்கள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்
முக்கால் வீடு ஒன்று எனக்கு உண்டு.
மேஸ்திரி ஞானசிகாமணிக்கு இந்தப் பக்கத்து விடுமுறை,
குழாய்க்காரன் ஷிபுவுக்கு அந்தப் பக்கத்து ஹர்த்தால்.
இரண்டு அரசாங்கமும் ஒருசேர வேலைசெய்யும் நாளில்
மழை.

"திங்கட்கிழமை உறப்பு, சேச்சி" என்றான் ஷிபு.
எந்தத் திங்கள் என்று கேட்க விட்டுப்போயிற்று.

முப்பதாம் தேதி வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்தோம்.
மினி லாரியில் பீரோ, கட்டில்,
தொட்டியோடு கறிவேப்பிலை.
மீன்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெபின் கேட்டான்:
"பாத்ரூமுக்குக் கதவு வந்தாச்சாம்மா?"
வந்தது,
கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த போர்வை.
உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும்.
பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.
என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு,
அதிலும் இரண்டு வரி.

மின்வாரிய அலுவலகத்தில்
மேசைக்கு அடியில் போனை ஒளித்து
ஏழாவது தடவை கூப்பிடுகிறேன்.
"பரிதிக்குப் புறத்தாணு" என்கிறாள் ஒருத்தி.
பரிதி நமக்குச் சூரியன், அவளுக்கு எல்லை.
எல்லை இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

நிமிர்ந்தால் எதிரே ஒருவர்.
சிமெண்ட் படிந்த செருப்பு,
மடித்து மடித்துக் கிழிந்த மனு.
"குடியேறி மூணு வாரமாச்சு.
மீட்டர் மட்டும்..."

அவர் ஃபைல் எங்கே என்று எனக்குத் தெரியும்.
அதன்மேல்தான்
என் வீட்டு டைல்ஸ் மாதிரிகளை அடுக்கியிருக்கிறேன்.

வாய் அதுபாட்டுக்குச் சொல்கிறது:
"திங்கட்கிழமை வாங்க."

அவர் நகரவில்லை.
"எந்தத் திங்கள், மேடம்?"