வாய்வழி உத்தரவு

லிங்கி செட்டித் தெரு, மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லை.
கதவைத் தள்ளியதுமே தெரிந்துவிடும்
இன்று யாருடைய ஆட்சி என்று.
ஏசி பதினெட்டில் இருந்தால் தாமோதரன் சார்,
இருபத்தாறில் இருந்தால் ஹேமலதா மேடம்,
அணைந்திருந்தால் இருவரும் வந்தாயிற்று,
பேசிக்கொள்ளவில்லை.

முதல் வாரம் சொல்லிக்கொடுத்தார்கள்
பில் ஆஃப் என்ட்ரி எந்த ஃபைலில்,
டெலிவரி ஆர்டர் எந்த ஃபைலில்.
யாரோடு டீ குடிக்கலாம் என்பதற்கு ஃபைல் இல்லை.
பத்தரை மணி டீ இம்போர்ட்டுக்கு,
பத்தே முக்கால் எக்ஸ்போர்ட்டுக்கு.
ஒரே கடை, ஒரே பாய்லர்.
தெரியாமல் பத்தரைக்கு இறங்கினேன்.
படியேறி வருவதற்குள்
இம்போர்ட் ஆளாகியிருந்தேன்.

"எந்த ஏரியா?"
சமோசாவைப் பிட்டுக்கொண்டே புருஷோத் கேட்டான்.
கொருக்குப்பேட்டை.
"ஓ."
அவ்வளவுதான் சொன்னான்.
மறுநாள் கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுபோய்
பதினொரு நிமிடம் லேட்.
"அந்தப் பக்கத்து ஆளுங்க அப்படித்தான்"
யாரிடமோ சொன்னான், எனக்குக் கேட்கிற அளவுக்கு.
அன்றிலிருந்து என் 'இன்னா' எல்லாம் 'என்ன' ஆனது.
ஒருநாள் வீட்டில் வாய் தவறி
"என்ன சமையல்?" என்றேன்.
அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்,
யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

செப்டம்பரில் ஒரு கண்டெய்னர்.
நாற்பதடி, உள்ளே டைல்ஸ்,
ஃப்ரீ டேஸ் முடிய ஒரே நாள்.
"இன்னிக்கு எடுக்க வேணாம். பார்ட்டி இன்னும் பணம் போடல.
நான் பாத்துக்கறேன்."
என் மேசையோரம் நின்று,
போனில் எவரையோ ஹோல்டில் வைத்துவிட்டு
சார் காற்றிடம் சொன்னது.
நான்கு நாள் டிடென்ஷன். டாலரில்.
மீட்டிங்கில் சார் குரலில் அத்தனை கனிவு:
"புதுப் பொண்ணு, கத்துக்கும்."
மேடத்துக்குத் தெரியும்.
பேனாவை மூடினார்.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழப் போனேன்.
தண்ணீர் வரவில்லை,
சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

பிறகு ஒரு வாக்கியம் பழகினேன்,
தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடி வரை
மெட்ரோவில் தினமும், உதடு அசையாமல்:
"சார், அதை ஒரு மெயில்ல போட்டுடறீங்களா?"
சாதாரணமாக வர வேண்டும்,
பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதுபோல.
நவம்பரில் கேட்டேவிட்டேன்.
உப்பு கேட்டதுபோல இல்லை. குரல் உடைந்தது.
சார் ஹோல்டில் இருந்தவரை மறந்து என்னைப் பார்த்தார்.
"கிளாடிஸ் ஜெயசீலி" என்றார்,
முழுப்பெயர், முதல்முறை.
மெயில் வந்தது.
சிசியில் மேடம்.
அன்று ஏசி இருபத்திரண்டில் ஓடியது.

ஜனவரியில் யாசீன் சேர்ந்தான்.
ஷூ புதுசு, நடந்தால் கீச்சிடும்.
பத்தரையா பத்தே முக்காலா என்று தெரியாமல்
பத்து நாற்பதுக்கு ஒண்டியாகப் போய் டீ குடித்தான்.
ஒரு வியாழக்கிழமை
சார் அவன் மேசையோரம் நின்றார்.
போன் ஹோல்டில்.
எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.
நான் சீல் நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்,
காலையில் சரிபார்த்த அதே நம்பரை.

"புதுப் பையன், கத்துக்கும்."
மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.
யாசீனும் சிரித்தான், என்னவென்று புரியாமல்.
குனிந்து பார்த்தால்
என் பேனா மூடியிருந்தது.

சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது.
டேங்கர் வண்டி, ஐம்பது பெட்டிக்குக் குறையாது.
யாசீன் நம்பருக்கு அந்த வாக்கியத்தை அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.
'சார்' வரைக்கும் வந்து நின்றது.
கேட் தூக்கியது தெரியவில்லை.
முதுகுக்குப் பின்னால் ஹாரன், ஹாரன்மேல் ஹாரன்,
அதற்கும் மேலே ஒரு குரல்:
"இன்னாமே, நவுரு!"

நவுந்தேன்.