விளக்கக் கடிதம்

நெடுஞ்சாலைத் துறைக்கு,
பனிச்சாலை ஆய்வாளன் ஹில்லார் எழுதுவது.

அலுவலக ஜீப் ஏன் தீவில் நிற்கிறது
என்று கேட்டிருந்தீர்கள்.

மார்ச் ஒன்பது, மாலை ஐந்து.
உறைந்த கடலில் ஏழு இடங்களில் துளையிட்டேன்.
கரையோரம் இருபத்தொன்று,
நடுவில் பதினெட்டு சென்டிமீட்டர்.
விதி கேட்பது இருபத்திரண்டு.
தடுப்புக் கம்பத்தை இறக்கிப் பூட்டினேன்.

கால்நடை மருத்துவர் ஆவே
வண்டியை விட்டு இறங்கிக் கெஞ்சினார்.
அக்கரையில் ஒரு பசு,
கன்று குறுக்கே கிடக்கிறதாம்.
"பதினெட்டு" என்றேன்.
"ஒரே ஒரு தடவை" என்றார்.
"பதினெட்டு" என்றேன் மறுபடி.
அவர் திரும்பிப் போனார்.
எனக்கு என்மேல் மரியாதையாக இருந்தது.

பதினொன்றே காலுக்கு
தீவிலிருந்து மைரேயின் செய்தி:
சௌனா சூடாகிவிட்டது.

அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை.

எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று சொன்னால்
நீங்கள் நம்பிவிடுவீர்கள், எனக்கும் வசதி.
ஆனால் அன்றிரவு போல்
அது என்றைக்கும் உழைத்ததில்லை.
மாலைக்குப் பிறகு ஆறு டிகிரி இறங்கியிருக்கிறது,
ஒரு சென்டிமீட்டராவது ஏறியிருக்கும் என்றது.
இருபத்திரண்டு என்பது லாரிக்காரர்களுக்காக
பயந்தவர்கள் போட்ட எண் என்றது.
எடையைக் குறை என்றது.
பின்சீட்டைக் கழற்றினேன். உபரிச் சக்கரத்தை,
கருவிப்பெட்டியை, பனியில் உருட்டிவிட்டேன்.
துளையிடும் இயந்திரம் பதினொரு கிலோ.
அதையும் இறக்கிவைத்தேன்.

(இந்த வரியை மூன்று முறை அடித்து
மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

மற்ற விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன்.
சீட்பெல்ட் போடவில்லை, கதவைச் சாத்தவில்லை,
வேகம் இருபதைத் தாண்டவில்லை.
என் கையெழுத்தோடு நின்ற பலகையை
விளக்கொளியில் பார்த்தேன்.
யாரோ ஒரு கறாரான ஆள் எழுதியது போலிருந்தது.

நடுவழியில் பனி முனகியது.
அந்த ஒலியின் பொருள்
இருபது வருடமாக எனக்குத் தெரியும்.
அன்றைக்கு அது
வா என்பதுபோல் கேட்டது.

அவள் வீட்டில் நடந்தது
உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

மூன்று மணி.
உடம்பு ஆறியது.
ஜன்னலுக்கு வெளியே
அதே கடல், அதே பதினெட்டு.
என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது.
தூக்கத்திலிருந்தவளை எழுப்பிக் கேட்டேன்,
"ஏன் என்னைக் கூப்பிட்டாய்?"
"நீதானே அளக்கிறவன்," என்றாள்.
"நீ வந்தால் பத்திரம் என்றுதானே பொருள்?"
சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அவள் அளவுகோல் நான்.
என் அளவுகோல் அக்கரையில்
பனியில் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து
தபால் மூட்டைகளோடு மூட்டையாக
காற்றுமெத்தைப் படகில் திரும்பினேன்.
கரையில் ஆவே நின்றிருந்தார்.
பசுவைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவர் என் ஜீப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

தண்டனை உங்கள் விருப்பம். ஒரே ஒரு வேண்டுகோள்:
அடுத்த குளிர்காலம் முதல்
மாலை ஆறு மணிக்கு
தடுப்புச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிடுங்கள்.
இரவில் வருகிறவனும்
என் பெயரைத்தான் சொல்லுவான்,
என்னைவிடத் தெளிவாகக் கணக்குச் சொல்லுவான்.
கொடுத்துவிடாதீர்கள்.

பின்குறிப்பு:
இதைக் காலை பத்து மணிக்கு எழுதுகிறேன்,
காபி குடித்துவிட்டு,
கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு.
இந்த ஆளையும்
ரொம்ப நம்பிவிட வேண்டாம்.