ஆறாவது தெறி

பத்து மணிக்கு வருவதாகக் கடிதம்.
எட்டுக்கே சொல்லிவிட்டாள் கிருபாலினி,
"அந்த நீலச் சட்டையை எடுங்கோ."
பாரிசவாதம் வந்த நாளிலிருந்து
தெறி வைத்த உடுப்பு எதையும் அவள் கேட்டதில்லை.
போட்டுவிட்டு நான் பூட்டப் போக
கையைத் தட்டிவிட்டாள்.

யன்னலுக்கு நேரே தொங்குரயில் போனது.
ஃபோவிங்கெலில் அது
எங்கள் இரண்டாம் மாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
மற்ற வேலைக்குப் போகும்.

கெட்லர் அம்மா நல்ல மனுசி.
சப்பாத்தை வாசலில் கழற்றினார்,
தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார்.
மடியில் கணினி. அதில் நாலு பெட்டி:
தானாகவே. பெரும்பாலும் தானாக.
பெரும்பாலும் பிறர் உதவியால். முழுக்கப் பிறரால்.

இரவில் எத்தனை முறை எழும்புவீர்கள்?
"எழும்புறதே இல்லை."
உண்மைதான்.
எழும்புகிறவன் நான்.

சட்டை பூட்டுவீர்களா?

இடது கை மட்டும் போனது.
முதல் தெறி துளையைத் தேடியது,
வழுக்கியது, மறுபடி தேடியது.
வாய் கோணிய பக்கமாக வியர்வை இறங்கியது.
இன்னொரு ரயில்.
எட்டு மாதத்தில் ஒருநாளும் இல்லை அம்மா,
இது இன்றைக்கு மட்டும், நீங்கள் விருந்தாளி என்பதால் மட்டும்
என்று சொல்ல
கோப்பை கழுவுமிடத்தில் பழகிய டொச் என்னிடம் இருந்தது.
அதை விழுங்கிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்று.
நாலு.
ஐந்தாவதும் ஏறியதும்
கைதட்டியது நான்தான்.

அவர் படியிறங்கிய பிறகுதான் பார்த்தேன்,
எல்லாம் ஒரு துளை தள்ளி.
ஆறாவது தெறி போக இடமில்லாமல்
கீழே தனியே நின்றது.
கழற்றி, மேலிருந்து பூட்டினேன்.
அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பெட்டி இல்லை.

தரம் இரண்டு என்று பதில் வந்தது.
மூன்று கேட்டிருந்தோம்.
ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாமாம்.
ஆலோசனை நிலையத்துத் துருக்கிப் பெடியன் சொன்னான்:
முடியாததை மட்டும் எழுதுங்கள்,
முடிந்த ஒரு நாளை எழுதாதீர்கள்.

மூன்று இரவு, குசினி மேசையில்,
அவள் நித்திரை என்று நினைத்து எழுதினேன்.
என் மனைவியால் குளிக்க.
என் மனைவியால் கரண்டி பிடிக்க.
என் மனைவியால்.

நாலாம் நாள் காலை தாள் அவள் மடியில் இருந்தது.
பதினேழு வருடம் மருந்துக்கடையில் நின்றவள்,
டொச்சில் என்னைவிட எப்போதும் சுத்தம்.
நான் கண்டபடி எறிந்து வைத்திருந்த ‘நிஷ்ட்’டுகளை
இடது கையால் ஒவ்வொன்றாக வளைத்து,
நடுங்கும் அம்புக்குறி இழுத்து,
வரியில் அது நிற்கவேண்டிய இடத்துக்கு அனுப்பியிருந்தாள்.

"இல்லை எண்டது எங்க வரும் எண்டு
இவ்வளவு வருசத்தில தெரியாதோ உங்களுக்கு?"

பிறகு பேனாவை மூடாமல்,
"கையெழுத்து நான் வைக்கிறன்.
என்னைப் பற்றித்தானே."